மூன்றாம் தூணின் பெயர் பரிவு

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. தேர்வுக் குழுவில் மூன்று பேர் இருந்ததாக நினைக்கிறேன். நான்காவதாக ஒருவர் திரையில் தலையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார் என்று சொல்பவர்களும் உண்டு. மேசைமேல் இருந்த செடி கள்ளிதானா என்பதும் உறுதியில்லை. சிலவற்றை நான் யோசித்து யோசித்தே உண்டாக்கியிருக்கலாம். ஆனால் அதிகாரிகள் பேசியதில் ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை. அந்த அளவுக்கு எனக்குக் கற்பனை கிடையாது.

அந்த மென்பொருள் நிறுவனத்தில் அவரை எல்லோரும் 'பொறுப்பு' என்றுதான் அழைத்தார்கள். முந்தைய மேலாளர் வேறு வேலை கிடைத்துப் போனபோது, புது ஆள் வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி இவரைப் பொறுப்பு மேலாளர் ஆக்கினார்கள். புது ஆள் வரவில்லை, வருடங்கள்தான் வந்தன. மேலாளர் என்ற பாதி உதிர்ந்துபோய், பொறுப்பு மட்டும் அவர்மேல் நின்றுவிட்டது.

அதிகம் பேசாத மனிதர். ஒரு கேள்வி கேட்டால் அதை உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்து, நன்றாக விசாரித்துவிட்டு, அப்புறம்தான் பதிலோடு வெளியே வருவார். அதற்குள் கேட்டவர் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்துவிடலாம். மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கிக்கொடுக்கும் மென்பொருளை அவருடைய குழு பார்த்துக்கொண்டது. அது ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

ஒரு நாள் எல்லோரையும் பெரிய கூடத்துக்கு வரச்சொன்னார்கள். மனிதவளத் துறைத் தலைவி மேடையேறினார். அவர் குரலில் எப்போதுமே கொஞ்சம் ஈரம் இருக்கும். யாரையாவது வேலையை விட்டு நீக்கும் நாட்களில் அது கூடிவிடும். அன்று கூடியிருந்தது.

"இனிமே நம்ம நிறுவனத்துல பொறுப்புங்கற பதவியே கிடையாது. பொறுப்புல இருக்கறவங்க இன்டர்வியூவுக்கு வரணும். வெளியாட்களும் வருவாங்க. பயப்படாதீங்க. நாங்க யாரையும் சோதிக்கப் போறதில்ல, உங்க கதையைக் கேக்கப் போறோம், அவ்வளவுதான். உங்க வேலையைப் பத்தி எங்களுக்குத் தெரிய வேண்டாம். வேலையை யார் வேணும்னாலும் செஞ்சிடுவாங்க. அதை எப்படிச் சொல்றீங்கங்கறதுதான் தலைமைப் பண்பு. தேர்வாகாதவங்க மனசு உடைஞ்சு போயிடாதீங்க. அவங்க தங்களோட கதையை வேற எங்கயாவது போய்த் தொடரலாம்."

கை தட்டினார்கள். பொறுப்பும் தட்டினார். வேலை போகும் என்பதைத்தான் அம்மையார் சொன்னார் என்பது, தட்டி முடித்து நாற்காலியை விட்டு எழும்போதுதான் அவருக்கு உறைத்தது.

மேடைக்குப் பின்னால் இருந்த சுவரில் ஐந்து தூண்கள் வரைந்திருந்தார்கள். துணிவு, தெளிவு, பரிவு, பணிவு, கனிவு. தூணுக்கு ஒரு கதை வீதம் ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும்.

அடுத்த வாரத்திலிருந்து அலுவலகம் அலுவலகமாக இல்லை. முரண்பாட்டைச் சமாளித்த கதை வேண்டும் என்பதற்காக, பல வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நடைபாதையில் நின்று சண்டை போட்டார்கள். "நாளைக்கு மீட்டிங்ல என்னைக் கொஞ்சம் எதிர்த்துப் பேசுங்க சார், பெரிய மனசு பண்ணுங்க" என்று ஒருவர் பொறுப்பிடம் வந்து கெஞ்சினார். பரிசோதனைப் பிரிவுத் தலைவிக்கு ஒரு நெருக்கடி தேவைப்பட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் சர்வரை நிறுத்திவிட்டுத் தானே காப்பாற்றிக்கொள்வதாக முறைப்படி அனுமதி கேட்டு எழுதினார். அனுமதி கிடைத்தது, ஆனால் செவ்வாய்க்கிழமை வேறு ஒருவர் ஏற்கெனவே பதிவு செய்திருந்ததால் வியாழக்கிழமை கொடுத்தார்கள்.

பொறுப்பு மட்டும் வேலை செய்துகொண்டிருந்தார். இதைப் பார்த்துப் பயந்துபோன அவர் மனைவி, தன் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மச்சான் பல நிறுவனங்களில் மேலாளர் வேலைக்கு இன்டர்வியூ போனவர். ஒன்றிலும் தேறவில்லை. கடைசியில் இன்டர்வியூவுக்குத் தயார்செய்யும் பயிற்சியாளர் ஆகிவிட்டார். அவரிடம் பயின்றவர்கள் தேறினார்கள் என்பதுதான் இதில் விளங்காத பகுதி.

சாப்பாட்டு மேசையை ஒழித்துவிட்டு, தங்கை கணவரை எதிரே உட்காரவைத்தார் மச்சான்.

"ஒரு தோல்விக் கதை சொல்லுங்க மாப்ள, பாப்போம்."

பொறுப்பு யோசித்தார். மின்விசிறி சுற்றியது. மச்சான் விரலில் சொடக்கெடுத்து முடித்து அடுத்த கைக்குப் போனார்.

"ஒரு தடவை நான் பண்ணின மாத்தத்துல நேரம் எல்லாம் குழம்பிப் போச்சு. பல் டாக்டர்கிட்ட போக வேண்டியவங்க பூரா கண் டாக்டர் வாசல்ல போய் நின்னாங்க. மத்தியானத்துக்குள்ள சரி பண்ணிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. சரியாயிடுச்சு."

"யாரு அழுதாங்க?"

"யாரும் அழல. பல்வலிக்காரங்க திட்டினாங்க."

"நீங்க அழுதீங்களா?"

"நான் எதுக்கு அழணும்? சரி பண்ணிட்டிருந்தேன்."

மச்சான் தங்கை பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷமா இவரு வேலைதாம்மா செஞ்சிருக்காரு. வேற ஒண்ணுமே பண்ணல."

"அதுக்குத்தானேண்ணா சம்பளம் குடுக்கறாங்க?"

"சம்பளத்துக்கு அது போதும். பதவிக்குப் போதாது." மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, மூணாம் தூணுக்கு வருவோம். அதுலதான் எல்லாரும் விழறாங்க. பரிவுன்னா என்ன மாப்ள?"

"அடுத்தவங்க கஷ்டத்தைப் புரிஞ்சுக்கறது."

"அது அகராதியில. இன்டர்வியூல பரிவுன்னா, ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பறது. கனத்த மனசோட. மனசு கனக்காம அனுப்பினா அது துணிவு, அதுக்கு வேற கதை வேணும். நீங்க யாரை அனுப்பியிருக்கீங்க?"

"யாரையும் இல்ல."

"வெளிய சொல்லிடாதீங்க."

"ஒருத்தர் பொழப்பையும் கெடுக்காத மனுஷன்னு சொன்னா மதிக்க மாட்டாங்களா?" என்றார் மனைவி.

"மதிப்பாங்க. வேலைக்கு வச்சுக்குவாங்க. மேனேஜர் ஆக்க மாட்டாங்க. மாப்ள, பேசாம ஒரு ஆளை உண்டாக்கி, அவரை நீங்களே தூக்கிடுங்க. யாரும் சரிபார்க்க மாட்டாங்க. அவங்க பாக்கறது உங்க கண்ணைத்தான்."

பொறுப்பு முயன்றார். நேர்மையாகவே முயன்றார். இல்லாத ஓர் ஆளுக்கு வயது கொடுத்தார், சன்னலோரமாக ஒரு மேசை கொடுத்தார். அவர் என்ன தவறு செய்தார் என்பதையும் ஒருவழியாக முடிவுசெய்தார். அந்த ஆளுக்குக் குழந்தைகள் உண்டா என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டார். இல்லாத குழந்தைகளின் படிப்பு அவரை உறுத்தியது. ஆளைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொண்டார்.

இந்தச் சங்கடத்தை அவர் சொன்னது நிதானத்திடம். நிதானம் என்பது அவர் குழுவில் இருந்த நண்பருக்கு அலுவலகம் வைத்த பெயர். எதையும் அவசரமாகச் செய்ய மாட்டார். லிஃப்ட் வந்து நின்றாலும், அது உண்மையிலேயே வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். மேசைமேல் உள்ளங்கை அளவுத் தொட்டியில் ஒரு கள்ளிச்செடி வைத்திருந்தார். தன் வேகத்துக்கு ஈடுகொடுத்து வளரக்கூடிய ஒரே ஜீவன் அதுதான் என்பார். வீட்டில் அவர் ஒருவர் சம்பளம்தான். இரண்டு பெண்கள், இருவரும் பள்ளியில்.

"இதுக்கா இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரியற?" என்று சிரித்தார் நிதானம். "என்னையத் தூக்கு."

"உன்னையா?"

"கதையிலதான்யா. இந்தக் கம்பெனியில வேலையை விட்டுத் தூக்கறதுக்கு என்னைவிடப் பொருத்தமான மூஞ்சி உண்டா? நான் அசைஞ்சு குடுக்கறதுக்குள்ள ஒரு வருஷம் போயிடும்னு எல்லாருக்கும் தெரியும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன். சாப்பாடு போடு. நல்லாப் பண்ணிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். கையோடு கள்ளிச்செடியையும் கொண்டுவந்திருந்தார். சாப்பிட்டார். பிறகு கூடத்தில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, பொறுப்பு அவரை வேலையை விட்டு நீக்கினார். முதல் முறை நீக்கியபோது இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது முறை, "மாப்ள, மன்னிப்புக் கேக்காதீங்க, அது பலவீனம். நன்றி சொல்லுங்க" என்று மச்சான் திருத்தினார். அதற்கடுத்த முறை நிதானத்துக்கு எங்கிருந்தோ நடிப்பு வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். செடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்த வேலை எனக்குப் பொருந்தலன்னு எனக்கே சொல்லத் தெரியல சார். நீங்க சொல்லிட்டீங்க. வீட்ல என்ன சொல்றதுன்னு மட்டும் யோசிக்கணும். இந்தச் செடியை எடுத்துட்டுப் போகலாமா?"

எழுந்து, இடது கையில் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, வலது கையை நீட்டிப் பொறுப்பின் கையைக் குலுக்கினார்.

பொறுப்பின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மச்சான் எழுந்து நின்றேவிட்டார்.

"எப்படி?" என்று கண்ணடித்தார் நிதானம். "அண்ணி, இன்னும் கொஞ்சம் மோர் இருந்தா குடுங்க. வேலை போனா தாகம் எடுக்குது."

இன்டர்வியூ கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் நடந்தது. நடுவில் மனிதவளத் துறைத் தலைவி. அவருக்கு வலப்பக்கம் இயக்குநர், இடப்பக்கம் யார் எது சொன்னாலும் தட்டச்சு செய்யும் ஒரு மனிதர். இயக்குநர் முதலிலேயே மனம் திறந்துவிட்டார்.

"உங்க மென்பொருள் என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்காம இருக்கறதை நான் ஒரு பயிற்சியாவே வச்சிருக்கேன். தெரிஞ்சா பாரபட்சம் வந்துடும் பாருங்க."

துணிவு கடந்தது. தெளிவும் கடந்தது. பரிவுக்கு வந்தபோது பொறுப்பு நிதானத்தை வேலையை விட்டு நீக்கிய கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல ஞாயிற்றுக்கிழமைக் கூடமும் மடியில் இருந்த செடியும் கண்முன் வந்தன. குரல் தானாகவே கம்மியது. அது நடிப்பில்லை என்பதுதான் பிறகு அவரைத் தூங்கவிடாமல் செய்தது. செடியை எடுத்துப்போகலாமா என்ற இடத்தில் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். இயக்குநர் மேசையைத் தட்டினார்.

"பிரமாதம்! இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். அடிபட்டவன் நமக்கு நன்றி சொல்லணும். அதுவரைக்கும் அடிக்கற வேலை முடியல."

"அவர் பேரு என்ன?" என்றார் அம்மையார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பரிவுக்கு ஒரு முகம் வேணும். பேரில்லாம முகம் வராது."

மச்சான் இதற்கு ஒத்திகை தரவில்லை. தட்டச்சு செய்பவரின் விரல்கள் காத்திருந்தன. இல்லாத ஒருவருக்குப் பெயர் வைக்கத் தெரியாத மனிதர், இருக்கும் ஒரே பெயரைச் சொல்லிவிட்டார். விரல்கள் அதைத் தட்டின. தட்டியவர் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"மேடம், இவர் இன்னும் இங்கதான் வேலை பாக்கறார். இன்னைக்குக் காலையில கூட உள்ள வந்திருக்கார்."

அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரலில் ஈரம் கூடியது.

"ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும். நீங்க சொன்னது பொய். அப்படின்னா நீங்களும், இதுக்கு உடந்தையா இருந்தா அவரும், இன்னைக்கே கிளம்பிடலாம். இல்ல, நீங்க அவரை அனுப்பினது உண்மை, எங்க தரப்புல அதைப் பதிவு பண்ண மறந்துட்டாங்க. எது?"

பொறுப்பு அந்தக் கேள்வியை வழக்கம்போல உள்ளே கொண்டுபோனார். உண்மையைச் சொன்னால் இரண்டு வீடு. சொல்லாவிட்டால் ஒரு வீடு. இப்படி ஒரு கணக்கை மனம் போடுகிறதே என்று அருவருப்பு வந்தது. அருவருப்பு வந்த பிறகும் மனம் கணக்கை நிறுத்தவில்லை. நிதானத்தின் சிறிய மகள் எந்த வகுப்பு என்று நினைவுபடுத்திப் பார்த்தார். வரவில்லை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே யாரோ பிறந்தநாள் பலூன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பொய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று நான் நம்புகிறேன். ஆனால் அவர் திறப்பதற்குள் நேரம் போயிருந்தது.

"பாருங்க," என்றார் இயக்குநர் மெதுவாக. "இன்னும் வலிக்குது அவருக்கு."

"எனக்கு இதுவே போதும்," என்றார் அம்மையார். "இத்தனை வருஷத்துல இவ்வளவு ஆழமான மௌனத்தை நான் பாத்ததில்ல. முழு மதிப்பெண் போடுங்க. கதை உண்மையா இருக்கணுங்கறது நம்ம நிறுவனத்தோட அடிப்படை. அதனால, விடுபட்டுப்போனதைச் சரி பண்ணிடுவோம்."

அன்று மாலையே பொறுப்பு அம்மையாரின் அறைக்குப் போனார். இந்த முறை யோசிக்காமல் சொன்னார். "மேடம், அது பொய். நான் யாரையும் அனுப்பல. அது நாங்க வீட்ல உக்காந்து உண்டாக்கின கதை."

அம்மையார் எழுந்து வந்து, அவர் தோளருகே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுக்குப் பேரு மறுக்கும் கட்டம். ஒருத்தரை அனுப்பின ஒவ்வொரு நல்ல மேனேஜருக்கும் வரும். 'நான் பண்ணல, நான் பண்ணல'ன்னு மனசு கத்தும். உங்களுக்குச் சீக்கிரமே வந்துடுச்சு, அவ்வளவு ஈரம் உங்ககிட்ட. எனக்கு வர்றதே இல்ல தெரியுமா? ரொம்ப நாள் பழகிட்டேன். தண்ணி குடிங்க."

"மேடம், நான் நிஜமாவே..."

"குடிங்க."

குடித்தார். இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். கத்தியிருக்கலாம், மேசையைத் தட்டியிருக்கலாம். டம்ளரை வைத்துவிட்டு, "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். தேங்க்ஸ் எதற்கு என்று நடைபாதையில் நின்று யோசித்தார். பதில் கிடைக்கும் முன் லிஃப்ட் வந்துவிட்டது.

மறுநாள் காலை நிதானத்தின் அடையாள அட்டைக்கு அலுவலகக் கதவு திறக்கவில்லை. கதவருகே நின்றிருந்த அவரிடம் பொறுப்பு எல்லாவற்றையும் சொன்னார். நிதானம் முதலில் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. அவசரப்படாத மனிதர், இதையும் அவசரப்படாமல்தான் புரிந்துகொண்டார்.

"பொய்னு சொன்னியா?"

"சொன்னேன். நம்ப மாட்டேங்கறாங்க."

"எத்தனை தடவை சொன்ன?"

பொறுப்பு தன் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நிதானம் தலையை ஆட்டிக்கொண்டார்.

"சரி. வீட்ல என்ன சொல்றதுன்னு யோசிக்கணும்," என்றார். அது ஒத்திகை வசனம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் இருவருக்குமே தெரிந்தது.

புதிதாக மேலாளர் பதவியேற்ற பொறுப்பின் முதல் வேலை, விடுபட்டதை முடிப்பது. அதே கண்ணாடி அறை. அம்மையார் சாட்சியாக உட்கார்ந்திருந்தார். பொறுப்பு தொடங்கினார், முதல் வரியிலேயே நின்றுவிட்டார். நிதானம் அவருக்காகக் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அடி எடுத்துக்கொடுத்ததுபோலவே கண்ணால் எடுத்துக்கொடுத்தார். பிறகு தன் பங்கைச் சொன்னார். பொருந்தவில்லை என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை சார் என்றார். நீங்க சொல்லிட்டீங்க என்றார். ஒரு சொல் பிசகவில்லை. செடியை எடுத்துட்டுப் போகலாமா என்று கேட்டபோது அம்மையார் விசும்பியேவிட்டார்.

"அப்படியே நீங்க சொன்ன மாதிரியே நடக்குது பாருங்க," என்றார். "இதுதான் உண்மையோட சக்தி."

பொறுப்பு எழுந்து கையை நீட்டினார். நிதானம் அந்த உள்ளங்கை அளவுத் தொட்டியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். அதை ஒரு கையால் தூக்கிவிடலாம். தூக்கவில்லை. நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு பொறுப்பே அந்தக் கையை எடுத்துக்கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பதவி கிடைத்ததைச் சொன்னபோது மனைவி அடுப்பை அணைத்தார்.

"நம்ம வீட்ல சாப்ட்டுட்டுப் போனாருங்க," என்றார். அன்று அவ்வளவுதான் பேசினார்.

அதன் பிறகு நடந்தவை இவை. மனிதவளத் துறைத் தலைவி இன்னும் பெரிய நிறுவனத்துக்கு இன்னும் பெரிய பதவியில் போனார். வழியனுப்பு விழாவில் கள்ளிச்செடிக் கதையைத் தன் அனுபவமாகச் சொன்னார். இயக்குநரை ஓர் ஆட்குறைப்பில் நீக்கினார்கள்; கனத்த மனதோடுதான் நீக்கியதாகக் கேள்வி. மச்சானிடம் இப்போது கூட்டம் அதிகம். மூன்றாம் தூணுக்கு அவர் தனி வகுப்பே எடுக்கிறார். நிதானம் பல இடங்களுக்கு இன்டர்வியூ போனார். தோல்விக் கதை கேட்ட இடங்களில் எல்லாம் வேலையை விட்டு அனுப்பப்பட்ட கதையைச் சொன்னார். ஒத்திகை பார்த்துவிட்டு வந்ததுபோல இருந்ததால் தேர்வு செய்ய முடியவில்லை என்று எழுதினார்கள். இப்போது ஒரு பள்ளியின் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறார். சம்பளம் குறைவு. பொறுப்பு கூப்பிட்டால் எடுப்பதில்லை. பொறுப்பின் மனைவி கணவரோடு பேசுகிறார், தேவைக்கு.

பொறுப்பு மேலாளராக இருக்கிறார். எல்லோரும் இன்னமும் பொறுப்பு என்றுதான் அழைக்கிறார்கள். ஆழமான மௌனம் உள்ளவர் என்பதால் அவரைத் தேர்வுக் குழுவில் நிரந்தர உறுப்பினர் ஆக்கியிருக்கிறார்கள். புதியவர்கள் வந்து உட்கார்ந்து, யாரையோ கனத்த மனதோடு அனுப்பிய கதையைச் சொல்கிறார்கள். அவர் சன்னல் பக்கம் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். தட்டச்சுக்காரர் அந்த ஆளின் பெயரைக் கேட்கத் தலையை நிமிர்த்தும்போது மட்டும் கையை உயர்த்துவார்.

"பேரு வேண்டாம்," என்பார்.

அந்த அறையில் அவர் பேசுவது அது ஒன்றுதான்.